சுவருக்கு வெளியே கேட்ட கச்சேரி

என் மகளுக்கு,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க உனக்கு இரண்டு நாள்கூட ஆகலாம், ஆகட்டும். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டு, என் குரலைச் சுண்டெலிக் குரலாக்கிக் கேட்கிறவள் நீ. இதை அப்படி ஓட்ட முடியாது. அதனால்தான் ரூல்டு நோட்டு வாங்கி, பத்தாம் வகுப்போடு விட்ட கையெழுத்தைத் தூசி தட்டி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். இன்னும் மூன்று வாரத்தில் கோயிலில் காப்புக் கட்டுகிறார்கள், புனேயிலிருந்து எட்டு நாள் லீவு போட்டு வா, அம்மன் கொடை முடிந்து போகலாம் என்றேன். "நான் வரலம்மா. என் கை ஆகாத கை. அப்பா ஒரு தடவ விழுந்தது போதும்" என்றாய். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொல்லிவிட்டு, மழை பெய்கிறதா என்று கேட்டாய். நான் பெய்கிறது என்றேன். போனை வைத்த பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை எனக்கு.

உன் கை ஆகாத கை என்று உன்னை நம்ப வைத்தவள் நான். இரண்டு வருஷமாக அதை நீ சுமக்கிறாய், நான் பார்த்துக்கொண்டு இட்லி அவிக்கிறேன். அந்தச் சாயங்காலம் நடந்ததில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அது என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லிவிடப் போகிறேன். முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. விட்டுவிட்டுச் சொன்னால் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கம் கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மஞ்சள் கயிறு கையில் இருக்கிற எட்டு நாளும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். தாராவியில் அது நடக்கிற காரியமா? லோக்கல் ரயிலில் தொங்கி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் இங்கே கோயில் கட்டியவர்கள் யோசித்து, கடல் தண்ணீர் உள்ளே புகுந்து கிடக்கிற கழியை எல்லையாக வைத்தார்கள். சர்ச்கேட் போகலாம், போரிவிலி போகலாம், கோவண்டி, தேவ்நார் போகலாம். மான்கூர்டு தாண்டி வாஷி பாலம் ஏறக் கூடாது. தாணா கழியையும் தாண்டக் கூடாது. டோம்பிவிலிக்கு வீடு மாறிப் போன உன் மாமா வருஷா வருஷம் அந்த எட்டு நாளும் பாயும் தலையணையுமாக வந்து நம் மாடியில் குறட்டை விடுவது இதனால்தான். பம்பாயையே ஒரு ஊராக எண்ணி, கடலையும் கழியையும் அதற்கு வேலியாக்கிய அந்தப் பெரிய மனசுக்காரர்களை நினைத்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

இனி உன் ஐந்து பேர். நீ கேட்கிற அந்த வெளிநாட்டு மியூசிக் பேண்டின் பெயர் என் வாயில் நுழையாது, அதனால் உன் ஐந்து பேர் என்றே எழுதுகிறேன். அவர்கள் படத்தை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாய். வெளிப்பக்கம் அம்மன் படம், உள்பக்கம் அவர்கள். நாலு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் டிரம்ஸ் வாசிக்கிறவள் என்றும், உலகத்தில் அவளை மாதிரி வாசிக்க ஆளில்லை என்றும் சொல்வாய். விடியற்காலை நான் மாவை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கழுவி அடுக்கிய இட்லித் தட்டுகளில் இரண்டு கரண்டியை வைத்து அவள் அடிக்கிற தாளத்தை அடிப்பாய். தட்டு நெளிஞ்சிரும்ட்டி என்று கத்துவேன். ஒரு நாளாவது என்ன பாட்டு அது என்று நான் கேட்டதில்லை.

அவர்கள் முதல் தடவையாக இந்தியா வருகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. டிக்கெட் விற்ற அன்றைக்கு நான் உன்னைப் பார்த்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சயான் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பாலத்தில் ஏறி வருகிறேன். உச்சி வெயில். பாலத்து நடுவில் கைப்பிடிக் கம்பியின் ஓரமாக, நாலு போனைத் துப்பட்டாவில் வரிசையாகப் பரப்பி வைத்து, குடை பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாய். உன் போன், அப்பா போன், உன் மாட்டுங்கா தோழியின் போன், அடுத்த வீட்டு அக்கா போன். நம் சந்துக்குள் ரேஞ்ச் வராது, இங்கேதான் நாலு கோடு வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாய். என்னட்டி செய்யுத இங்க என்றேன். தலையைத் தூக்காமல், "லைன்ல நிக்கேம்மா. எனக்கு முன்னால லட்சக்கணக்குல ஆளு நிக்காங்க. மறைக்காதீங்க" என்றாய். நான் முன்னாலும் பின்னாலும் பார்த்தேன். கீரைக்காரி ஒருத்தியைத் தவிர பாலத்தில் யாரும் இல்லை. பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன். வரிசை போனுக்குள் நிற்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று மணி நேரம் அப்படி இருந்திருக்கிறாய். தண்ணீர் குடிக்கப் போனால் வரிசை போய்விடும் என்று அதுவும் குடிக்கவில்லை. டிக்கெட் கிடைத்து நீ ஓடி வந்தபோது என் கையெல்லாம் மாவு. அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டு, நெரூல் ஸ்டேடியம்மா, மேடைக் கம்பிக்குப் பக்கத்துலயே நிக்கலாம்மா என்றாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுவரில் காலண்டரைப் பார்த்தேன். கச்சேரி விழுந்தது கொடைக்குக் காப்புக் கட்டின ஐந்தாம் நாள். நெரூல் வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம். உனக்கு அப்போது அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

இது என் முதல் தப்பு. அவ்வளவு கூட்டத்தில், ஆணும் பெண்ணும் இடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கு உன்னை அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது, போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை போடுவாய், என்னைவிட நன்றாகப் பேசுவாய், கடைசியில் உன் அப்பா உன் பக்கம் சேர்ந்துகொள்வார். அதனால் கோயிலுக்குப் போய் முளைப்பாரி எடுக்கிற பெண்கள் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். முளைப்பாரிக்குப் பெயர் கொடுத்தால் காப்புக் கட்டியே ஆக வேண்டும். சாமி பெயரைச் சொன்னால் நீ எதிர்த்துப் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பூசாரி வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்து உன் கையைப் பிடித்தபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாய். மகளே, சண்டையில் ஜெயிக்கச் சாமியைத் துணைக்குக் கூப்பிடாதே. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தாலும் கூப்பிடாதே. பயமாக இருந்தால் பயம் என்றே சொல்.

ஐந்தாம் நாள் மத்தியானம், செம்பூர் அத்தை வீட்டில் பித்தளைக் குடம் வாங்கி வருகிறேன் என்று போனாய். செம்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம்தானே, போ என்றேன். மூன்று மணிக்கு மனசு கேட்காமல் அத்தைக்குப் போன் போட்டேன். "அவ அப்பமே போயிட்டா மைனி. குடத்த இங்கயே வச்சிட்டா. கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு, கூட ஒரு பிள்ளையும் வந்துச்சு. ஒங்ககிட்ட சொல்லிட்டேன்னுல்லா சொன்னா" என்றாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவு பட்ட சேலையை மாற்றாமல் அப்படியே இறங்கினேன். மான்கூர்டுக்குள் உன்னைப் பிடித்து, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

சயானில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைனில் பன்வேல் லோக்கல் பிடித்தேன். லேடீஸ் டப்பா முழுக்கக் கருப்புச் சட்டைப் பெண்கள். எல்லாச் சட்டையிலும் உன் ஐந்து பேர். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பின்னாலிருந்து நீ மாதிரியே இருக்கிறது. ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கிறேன், ஸாரி பேட்டா, ஸாரி பேட்டா என்கிறேன். ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். இன்னொருத்தி, ஆன்ட்டி நீங்களும் கச்சேரிக்கா என்று ஹிந்தியில் கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கோபத்தில் கண்ணே தெரியவில்லை. வண்டி எங்கே நின்றது, எதைத் தாண்டியது எதையும் கவனிக்கவில்லை. கூட்டம் இறங்கியபோது நானும் இறங்கினேன். போர்டில் நெரூல் என்று இருந்தது.

அங்கிருந்து நான் நடக்கவில்லை, கூட்டம் என்னை நடத்திக்கொண்டு போனது. அத்தனை பேரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஒருத்தர் முகத்தில் சலிப்பு இல்லை. ஸ்டேஷனில் நான் தினம் பார்க்கிற அதே பம்பாய்ச் சனம்தான், இடித்தால் சண்டைக்கு வருகிற சனம்தான், இன்றைக்கு இடித்துவிட்டுச் சிரிக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் கையில் பட்டை கட்டியவர்களை மட்டும் விட்டார்கள். என்னைத் தடுத்தது ஒரு பெண் போலீஸ், என் வயதுதான் இருக்கும். டிக்கெட் எங்கே மாவ்ஷி என்றாள். மகளைத் தேடி வந்தேன் என்று ஹிந்தியில் சொன்னேன். எப்படி இருப்பாள் என்றாள். கருப்புச் சட்டை என்றேன். அவள் உள்ளே போகிற கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சுவர் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். "மாஜீ பண் ஆத் ஆஹே" என்றாள். அவள் மகளும் உள்ளேதான் இருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் காதுக்கு ஒன்றும் வரவில்லை. காலுக்குத்தான் வந்தது. செருப்புக்கு அடியில் தரை ஒரு தடவை தும் என்றது. லாரி போகிறதோ என்று பார்த்தேன், லாரி இல்லை. மறுபடியும் தும். நாற்காலி நடுங்கியது. அந்த அடி முழங்கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து நின்றது, ஏழாம் மாதத்தில் நீ உதைப்பாயே, அந்த இடத்தில். இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி, அப்புறம் ஒரு இடத்தில் அடிக்காமல் விடுகிறாள். இந்த அடியை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக விடியற்காலையில் இட்லித் தட்டில் கேட்ட அடி. அந்த விட்ட இடத்தில்தான் நான் தட்டு நெளிஞ்சிரும்ட்டி என்று கத்துவேன். இங்கே அதே விட்ட இடத்தில் உள்ளே இருந்த சனம் முழுவதும் சேர்ந்து ஒரு குரல் கொடுத்தது. வானம் வரைக்கும் போனது அந்தக் குரல். நீ காலையில் வெறும் தட்டை வைத்துக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாயா? நம் ஒன்பதுக்குப் பத்து வீட்டுக்குள், கரி பிடித்த சுவருக்கு நடுவில் உட்கார்ந்து, இவ்வளவு பெரியதையா நீ கேட்டுக்கொண்டிருந்தாய்?

பாட்டு ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷ்தான், ஆனால் சுவருக்கு மேலே ஏறி வரும்போது வார்த்தையெல்லாம் கழன்று, ராகம் மட்டும்தான் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. சுவரோரத்தில் எங்களைப் போல ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட டிரைவர்கள், மக்காச்சோளம் சுடுகிறவர், டிக்கெட் கிடைக்காத பையன்கள். அப்புறம் ஒரு பாட்டில் திடீரென்று வாத்தியம் எல்லாம் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அந்த ஐந்து பேரும் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, சனத்தைப் பாட விட்டார்கள். ஒரு வாத்தியம் இல்லாமல், அத்தனை பேரும் ஒரே குரலில் பாடினார்கள். ஒருத்தர் முந்தவில்லை, ஒருத்தர் பிந்தவில்லை. நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், இந்த ஊர்க்காரர்கள் ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்து நான் பார்த்தது ரயிலில் ஏறுவதை மட்டும்தான். உன் குரல் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குள் உன் குரலும் இருந்தது. அதை நினைத்ததும் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். அந்தப் போலீஸ்காரியும் எழுந்து நின்றாள். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷம் வந்தாலும் சாமி வந்தாலும் தெரிந்தது ஒன்றுதான். வாயைத் திறந்து குலவை விட்டேன். நெரூலில், நடைபாதையில், மாவு காய்ந்த சேலையோடு நின்று குலவை விட்டேன். டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அந்தப் பையன்கள் விசில் அடித்தார்கள், போலீஸ்காரி இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் விட்டேன். அப்போதுதான் வாய்க்குப் பக்கத்தில் தூக்கின என் கையைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு.

முளைப்பாரி எடுக்கிற பெண்ணுக்கு மட்டுமா கட்டுகிறார்கள்? முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக் காவல் இருக்கிற தாய்க்கும் கட்டுவார்கள். உனக்குக் கட்டிய கையோடு பூசாரி எனக்கும் கட்டினார், உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைக் கழி தாண்டாமல் பிடிக்கப் போன நான், உன் முகத்தையே தேடிக்கொண்டு, என் கயிற்றோடு கழி தாண்டி வந்து நிற்கிறேன். மகளே, தாண்டியது நீ ஒருத்தி இல்லை. நானும்தான் தாண்டினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். தெரிந்த உடனே நான் ஓடி வந்திருக்கலாம். தெரியாமல் தாண்டியது தெரியாமல் போகட்டும் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் திரும்பவில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. வந்த பயம் அந்த முதல் அடியிலேயே போய்விட்டது. இன்னும் மூன்று பாட்டு நின்று கேட்டேன். நீ தெரிந்தே போனாய், நானும் தெரிந்தே நின்றேன். அந்த மூன்று பாட்டுக்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அதன் பிறகு செய்ததற்குத்தான் வருத்தப்படுகிறேன்.

உனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். செம்பூருக்கு உன்னைத் தேடிப் போனேன் என்று அப்பாவிடம் சொன்னேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன் என்று அத்தையிடம் சொன்னேன். காலையில் உன் கையில் காப்பும் அந்தப் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து, அப்போதுதான் தெரிந்தவள் மாதிரி வாயில் அடித்துக்கொண்டேன். கழி தாண்டின கையால முளைப்பாரியத் தொடாத என்றேன். நீ வீட்டுக்குத் தூரம் என்று கோயிலில் பொய் சொல்லி, உன் பாரியை அடுத்த வீட்டுப் பெண் தலையில் ஏற்றினேன். கொடை அன்றைக்கு நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தைப் பார்த்தாய். அதே கழியைத் தாண்டிய நான் ஊர்வலத்துக்கு முன்னால் நின்று குலவை விட்டேன். நீ எவ்வளவோ கெஞ்சியும் இரங்கவில்லை. நான் கண்டுபிடிக்கப்படவில்லை என்கிற ஒரே தைரியம்தான்.

அப்புறம் மூன்றாம் நாள் விடியற்காலை அப்பா மாடி ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, சைக்கிளில் இட்லி கொண்டுபோகிற தொழில் அன்றோடு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். உன் பக்கத்தில் வந்து நான் சொன்னேன், "கழி தாண்டினதுக்கு அம்மன் கேட்டுட்டா." உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்தும் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

அவர் ஏன் விழுந்தார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் மாவுப் பாத்திரத்தை மாடியிலிருந்து நான்தான் இறக்கினேன். நம் ஏணியில் கைப்பிடி இல்லை, செங்குத்தாக இருக்கும். மூன்றாவது படியில் மாவு சிந்தியது. அப்புறம் துடைக்கலாம் என்று அடுப்பைப் பார்க்கப் போனவள் மறந்துவிட்டேன். இரும்புப் படியில் புளித்த மாவு எண்ணெய் மாதிரி வழுக்கும், இந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது. அவர் விழுந்து கிடந்தபோது முதலில் நான் செய்த காரியம் அந்தப் படியைச் சேலைத் தலைப்பால் துடைத்ததுதான். அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். என் மாவு என்று சொல்வதைவிட உன் கழி என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது. இதையும் எழுதிவிட்டேன்.

போன மாதம் உன் மாட்டுங்கா தோழி வீட்டுக்கு வந்தாள். பேச்சு வாக்கில் போனைத் திறந்து அன்றைக்கு எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினாள். கம்பிக்குப் பக்கத்தில் நீ குதித்துக்கொண்டிருக்கிறாய். ஒரு கையைத் தூக்கியே வைத்திருக்கிறாய், மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருக்கிறது. கையில் அடியா என்று கேட்டேன். "இல்ல மாமி, காப்பு கூட்டத்துல அறுந்துடக் கூடாதுன்னு கட்டிண்டா. ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் அந்தக் கையை இறக்கவே இல்ல" என்றாள். அத்தனை பேரும் பாட்டுக்குக் கை தூக்கியிருக்கிறார்கள், நீ அம்மனுக்கும் சேர்த்துத் தூக்கியிருக்கிறாய். எல்லை தாண்டியும் அந்தக் கயிற்றை நீ விடவில்லை. அந்தக் கையைத்தான் நான் முளைப்பாரி தொடாதே என்றேன்.

நீ போனில் அப்படிச் சொன்ன மறுநாள் பூசாரியிடம் போய், காப்போடு கழி தாண்டினால் என்ன பரிகாரம் என்று கேட்டேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "கொடைக்குத் தேங்காயும் பூவும் எங்கேருந்து வருதுங்க? வாஷி மார்க்கெட்லேருந்துதான். காப்போட நானேல்லா டெம்போல போயிட்டு வாரேன், வருசா வருசம்" என்றார். அவர் சொன்னதால் உனக்கு இதை எழுதவில்லை. அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன். மாவைச் சிந்தியது நான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை என்றாலும், தாய் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு விஷயத்துக்காக வெயிலில் நாலு போனை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார ஒருத்திக்கு மனசு வருகிறதென்றால், அது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இந்த வயசு வரைக்கும் எதற்காகவும் அப்படி உட்காரத் தோன்றியதில்லை. உன்னைப் பெற்றவளாக இருந்தும் உன்னைப் பார்த்து நான் மலைத்துப் போகிறேன். அந்த மனசை விட்டுவிடாதே. அப்பா விழுந்ததிலிருந்து நீ அவர்கள் பாட்டை ஒரு தடவைகூடப் போடவில்லை. கரண்டியை எடுத்துத் தட்டில் அடிக்கவில்லை. வீடு சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று நான்தான் முன்னே ஆசைப்பட்டேன். இப்போது விடியற்காலையில் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாவு சிந்தியதை முதலில் சொன்னேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. வேட்டியெல்லாம் மாவுதான" என்றார். தெரிந்தா இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்றேன். நீயே அழுதுகிட்டுக் கெடந்த, அதச் சொல்லி என்னத்துக்கு என்றார். அப்புறம் ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிள்ளகிட்டயா அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டார், அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. தட்டில் வைத்த இட்லி ஆறிப்போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவராகத் திரும்பினார். "ஏளா, பாட்டு எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

தரை அதிர்ந்ததைச் சொன்னேன், வாத்தியம் நின்றதும் சனம் பாடியதைச் சொன்னேன், போலீஸ்காரி தொப்பியைக் கழற்றியதைச் சொன்னேன். அதெல்லாம் சரி, அந்த டிரம்ஸ் பிள்ள எப்பிடி அடிச்சா, உக்காந்தா, நின்னா, என்ன உடுத்தியிருந்தா என்று கேட்டுக்கொண்டே போகிறார். நான் எங்கே பார்த்தேன், நான் வெளியேதானே நின்றேன், உள்ளே நின்றவளைக் கேளுங்க என்றேன். அப்போ அவளுக்குப் போன் போடு என்றார். இந்தக் கடிதம் போய்ச் சேரட்டும் என்று பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

படித்து முடித்ததும் அப்பா போனுக்கு அடி. என்னிடம் பேச வேண்டாம், என்மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும். காப்புக்கு வருகிறாயா என்றும் நான் இப்போது கேட்கவில்லை, அது உன் கை, உன் இஷ்டம். அவருக்கு மட்டும் முதல் பாட்டிலிருந்து ஒன்றுவிடாமல் சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருஷமாக நீ எங்கள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கு உள்ளே என்ன பார்த்தாய், மகளே?

அம்மா